தூண்டில்காரர் சொல்லிவிட்ட ரகசியம்

ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "அண்ணே, விரால் எந்த இடத்துல கிடைக்குது?" என்று கேட்டுப் பார்த்தால் தெரியும். எதிர்க்கரைப் பக்கம் கையைப் பொதுவாக வீசிக் காட்டுவார், அவ்வளவுதான். மதகுக்குப் பக்கத்தில் எந்தக் கருவேல மரத்தின் அடியில், எந்த வேளையில், மண்புழுவுக்குக் கடிக்கிறதா தவளைக்குஞ்சுக்குக் கடிக்கிறதா என்பதெல்லாம் அவர் பல வருஷம் வெயிலில் காய்ந்து சம்பாதித்த சொத்து. பெற்ற மகனுக்குச் சொல்லவே இரண்டு தடவை யோசிப்பார்.

இந்தக் குணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சுவீடனிலும் அமெரிக்காவிலும் தூண்டில்காரர்கள் இப்படித்தான். ஆனால் அந்தத் தேசங்களில் சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் இந்த ரகசியத்தைத் தாங்களாகவே செல்போனில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசும் கேட்கவில்லை. அதை வைத்துப் பல கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வியாபாரம் நடத்துகின்றன. தூண்டிலே தொடாத சிறு விவசாயிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அவருடைய செல்போனிலும் இதே மாதிரியான செயலிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. தூண்டில்காரர் கதை அவருக்கு முன்னால் நடந்து முடிந்த கதை. அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2010ல் ஆரம்பிக்கப்பட்ட ஃபிஷ்பிரெயின் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் பெரிய பெயர் அதற்குத்தான். ஒருவர் மீன் பிடித்ததும் போட்டோ எடுத்து, இன்ன மீன், இத்தனை நீளம், இவ்வளவு எடை, இன்ன இரை என்று செயலியில் பதிகிறார். அவர் சொல்லாத விஷயங்களையும் செயலி சேர்த்துக்கொள்கிறது. எந்த இடம், எத்தனை மணி, அன்றைக்குக் காற்று எப்படி, வெப்பநிலை என்ன என்பதெல்லாம் பதிவோடு போய்ச் சேருகிறது. மற்ற தூண்டில்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, "சபாஷ், நல்ல மீன்" என்று பாராட்டுகிறார்கள். பதிந்தவருக்கு மனம் குளிர்கிறது. அடுத்த மீனையும் பதிகிறார். வருமானம் இருக்கிறதோ இல்லையோ, ஊரார் நடுவில் ஒரு பெருமை கிடைக்கிறது. டீக்கடையில் கையை அகல விரித்து மீனின் நீளம் காட்டுகிற அதே சமாசாரம்தான்.

கம்பெனிக்குப் பணம் வருகிற வழியைக் கவனிக்க வேண்டும். செயலியை இறக்கிக்கொள்வது இலவசம். பதிவதும் இலவசம். ஆனால் பிறர் பிடித்த மீன்கள் துல்லியமாக எந்த இடத்தில் கிடைத்தன என்று வரைபடத்தில் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். அதாவது ஒருவர் சும்மா கொடுத்த இடம், இன்னொருவருக்கு விலைக்குப் போகிறது. அதோடு தூண்டில், நரம்பு, இரை முதலியவற்றின் விளம்பரமும் விற்பனையும் சேர்கின்றன. எந்தக் குளத்தில் எந்த இரைக்கு மீன் கடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தக் குளத்துக்காரர்களிடம் எந்தச் சரக்கை விற்கலாம் என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

இது சில்லறை வியாபாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அரசாங்கம் எடுத்த கணக்குப்படி, 2016ல் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 3 கோடியே 58 லட்சம் பேர் பொழுதுபோக்காக மீன் பிடித்தார்கள். அந்த ஓராண்டில் அதற்காக அவர்கள் செலவழித்தது சுமார் 4,600 கோடி டாலர். வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கும் நமது மீனவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பிடித்த மீனில் பாதியை அந்தத் தூண்டில்காரர்கள் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடவும் செய்கிறார்கள்! எப்படியானாலும் இவ்வளவு பணம் புழங்குகிற இடத்தில் கடை விரிக்க ஆள் வராமல் இருப்பார்களா? ஃபிஷ்பிரெயினுக்குப் போட்டியாக ஃபிஷிடி, ஃபிஷ்ஆங்லர் என்று வரிசையாக வந்தன. நீரின் ஆழத்தைக் காட்டும் வரைபடக் கம்பெனிகளும், படகில் பொருத்தும் ஒலிக்கருவிக் கம்பெனிகளும் இன்னொரு பக்கத்திலிருந்து நுழைந்தன. வரைபடத்தில் பேர்பெற்ற நேவியானிக்ஸ் கம்பெனியை கார்மின் கம்பெனி 2017ல் விலைக்கு வாங்கியது.

இத்தனை கடைகள் இருந்தால் போட்டியினால் வாடிக்கையாளருக்கு நன்மைதானே என்று தோன்றும். உரக்கடை, விதைக்கடை விஷயத்தில் அது ஓரளவு சரி. இங்கே கணக்கு வேறு. மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே கிழமையில் இரண்டு சந்தை கூடினால் எது நிற்கும்? மாடு அதிகம் வருகிற சந்தைக்கு வியாபாரி போவார்; வியாபாரி அதிகம் வருகிற சந்தைக்கு மாடு போகும். சில வருஷத்தில் ஒன்று ஓய்ந்துபோகும். தூண்டில் செயலிகளும் அப்படியே. எதில் பதிவு அதிகமோ அதில்தான் வரைபடம் நிறைந்திருக்கும். வரைபடம் நிறைந்ததற்குத்தான் ஆட்கள் போவார்கள். ஆகவே கம்பெனிகள் போட்டி போடுவது நல்ல செயலி செய்வதற்காக என்பதைவிட, யார் முதலில் அதிகமான தூண்டில்காரர்களின் வாயைத் திறக்க வைப்பது என்பதற்காகத்தான். ஃபிஷிடி கடைசியில் ஃபிஷ்பிரெயினிடமே போய்ச் சேர்ந்தது. செயலி கைமாறுகிறபோது அதில் ஜனங்கள் எழுதி வைத்த குறிப்புகளும் கூடவே கைமாறுகின்றன. வீட்டை விற்றால் கொல்லையிலுள்ள முருங்கை மரமும் போவதைப் போல.

இதனால் விளைந்த தீமையை அங்கேயுள்ள தூண்டில்காரர்களே சொல்லிப் புலம்புகிறார்கள். பெரிய ஏரி என்றால் நூறு பேர் கூடுதலாக வந்தாலும் தாங்கும். சின்ன ஓடை, சின்னக் குட்டை தாங்காது. ஓரிடம் வரைபடத்தில் ஏறிவிட்டால் கூட்டம் கூடுகிறது, கரை மிதிபடுகிறது, குப்பை சேருகிறது, மீன் குறைகிறது. இடத்தை மறைத்துவைக்கும் வசதியைச் செயலிகள் கொடுத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் பிறர் கண்ணுக்கு மறைகிறதே தவிர, கம்பெனியின் பெட்டிக்குள் அந்தக் குறிப்பு போய்ச் சேரத்தான் செய்கிறது.

விஞ்ஞானிகளுக்கும் இதில் ஒரு ஏக்கம் உண்டு. ஒரு நீர்நிலையில் எத்தனை பேர் மீன் பிடிக்கிறார்கள், என்ன அகப்படுகிறது என்று கணக்கெடுப்பது மிகவும் செலவு பிடிக்கும் வேலை. கரைகரையாக ஆள் வைத்து விசாரிக்க வேண்டும். செயலிகளில் அந்தக் கணக்கு தானாகச் சேருகிறதே என்று மீன்வள ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு பார்த்தார்கள். பால் வென்டுரெல்லி, கீரன் ஹைடர், கிறிஸ்டியன் ஸ்கோவ் ஆகிய மூவர் 2017ல் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தச் செயலிகளால் விஞ்ஞானத்துக்குப் பெரிய உபயோகம் உண்டு என்றும், ஆனால் பதிவுகள் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்றும், அதற்கான பொது விதிகள் தேவை என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஏரியின் கணக்கு நான்கு கம்பெனிகளின் நான்கு பெட்டிகளில் சிதறிக்கிடந்தால், ஏரியின் நிலை ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. போட்டி மும்முரமாக இருக்கிற காலத்தில் எவரும் தம் பெட்டியைத் திறந்து காட்டப்போவதில்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து ஒன்றும் அகப்படாமல் திரும்பியவர் அதைப் பதிவதில்லை. கால் கிலோ மீன் கிடைத்தவர் பதிவதில்லை. ஐந்து கிலோ கிடைத்தவர் அன்றைக்கே பதிகிறார். அப்படிச் சேர்ந்த கணக்கைப் பார்த்தால் ஏரி நிறையப் பெரிய மீன் இருப்பதாகத்தான் தோன்றும். விவசாயிகளுக்கு இது புதிய விஷயமல்ல. விதைக் கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தில் ஏக்கருக்கு 45 மூட்டை எடுத்தவரின் போட்டோ இருக்கும்; புகையான் விழுந்து 12 மூட்டையோடு நின்றவரின் போட்டோ இருக்காது.

இத்தனையும் சொன்னதால் தூண்டில் செயலிகளே வேண்டாத சரக்கு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சுனூக் என்று ஒரு மீன், தூண்டில்காரர்களுக்கு உயிர். 2010 ஜனவரியில் என்றுமில்லாத குளிர் அடித்து அந்த மீன்கள் ஏராளமாகச் செத்து மிதந்தன. அரசாங்கம் சுனூக் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போவதைத் தடை செய்தது. மேற்குக் கரையில் அந்தத் தடை 2013 வரை நீடித்தது. மீன் திரும்பப் பெருகுகிறதா என்று அறிய வேண்டும். ஆனால் பிடித்த மீனை எல்லாரும் தண்ணீரிலேயே விட்டுவிட்டால், கரையில் நின்று அளந்து பார்க்க எதுவும் இல்லையே! அந்தச் சமயத்தில் மீன் பாதுகாப்புக்காக ஏற்பட்ட ஒரு பொதுநலச் சங்கம், பிடித்துவிட்ட மீனின் நீளத்தையும் தூண்டில் போட்ட நேரத்தையும் பதியும்படி தூண்டில்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்காக ஐஆங்லர் என்ற செயலியும் ஏற்படுத்தப்பட்டது. அந்தப் பதிவுகளை மாநில மீன்வள விஞ்ஞானிகள் சுனூக் இருப்பைக் கணிப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள். இங்கேயும் தூண்டில்காரர் தம் ரகசியத்தைக் கொடுத்தார். ஆனால் கொடுத்தது அவருடைய மீனின் நன்மைக்கே திரும்பி வந்தது. இரண்டு செயலிகளுக்கும் உருவத்தில் அதிக வித்தியாசமில்லை. கணக்கு யார் வீட்டுக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நமது கடற்கரைப் பக்கமும் செல்போன் செய்த நன்மை உண்டு. கேரளத்தின் வடக்குக் கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் வசதி படிப்படியாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மத்தி மீன் விலை எப்படி இருந்தது என்பதை ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வாரந்தோறும் கணக்கெடுத்து 2007ல் வெளியிட்டார். 1997 ஜனவரி 14ஆம் தேதி காலையில் வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்ட இருந்தார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். செல்போன் வந்தபின் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை விசாரித்துக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். கொட்டி வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் 8 சதவிகிதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது.

இந்தக் கதையைச் செயலி விற்பவர்கள் எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை. எல்லா மீனவரும் இஷ்டப்பட்ட கரைக்குப் போய் விற்க முடியாது. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த தரகரிடமே மீனைப் போட வேண்டியவர்கள் எத்தனையோ பேர். ஜென்னா பரல், எலிசா ஒரெக்லியா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2015ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: விலை தெரிவதும் அந்த விலைக்கு விற்க முடிவதும் ஒன்றல்ல என்று. கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய தக்காளி விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு மீனவர்களிடம் உபயோகத்தில் வந்த மீனவ நண்பன் செயலியும் கவனிக்கத் தக்கது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. அலையின் உயரம், காற்றின் வேகம், புயல் எச்சரிக்கை, சர்வதேச எல்லைக்கோட்டை நெருங்கினால் அபாய அறிவிப்பு, மீன் திரளக்கூடிய இடம் ஆகியவற்றை அது தமிழிலேயே சொல்கிறது. மீன் திரளும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு எந்த மீனவரின் ரகசியமும் தேவைப்படவில்லை என்பது இதில் விசேஷம். கடல்நீரின் மேல்மட்ட வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் சேவை மையம் அதைக் கணித்து இலவசமாக அனுப்புகிறது. தகவல் மேலிருந்து மீனவருக்கு வருகிறது. சுவீடன் செயலியிலோ தூண்டில்காரரிடமிருந்து தகவல் மேலே போகிறது. இரண்டும் இலவசம் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றில்தான் அந்தச் சொல் முழுசாகப் பொருந்தும்.

இனி வயலுக்கு வரலாம். தமிழ்நாடு அரசு 2018ல் உழவன் செயலியைக் கொண்டுவந்தது. தனியார் கம்பெனிகளின் செயலிகளோ எண்ணிக்கையில் அடங்காது. ஜெர்மனியில் தோன்றிய பிளான்டிக்ஸ் என்ற செயலியில், நோய் தாக்கிய இலையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இன்ன நோய் என்று சொல்லிவிடுகிறது. நல்ல உதவிதான், கிராமத்துக்கு விரிவாக்க அலுவலர் வந்து சேருமுன் பயிர் காய்ந்துபோன அனுபவம் எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனால் அந்தச் செயலிக்கு நோய் அடையாளம் தெரிந்ததே விவசாயிகள் அனுப்பிய லட்சக்கணக்கான போட்டோக்களால்தான். எந்த வட்டாரத்தில் எந்த வாரத்தில் என்ன பூச்சி கிளம்புகிறது என்று முதலில் தெரிந்துகொள்கிறவர் யார்? அதை அறிந்த மருந்துக் கம்பெனி, சரக்கை அந்த ஊர்க் கடையில் முன்கூட்டியே இறக்கிவைக்கலாம். விவசாயிக்கு மருந்து உடனே கிடைக்கும் என்பது நன்மை. தேவையில்லாதவரும் தெளிப்பார் என்பது கெடுதி.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். செயலி விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். இது யாருடையது, சிபாரிசு செய்கிற மருந்தையோ தீவனத்தையோ அவர்களே விற்கிறார்களா, வயல் இருக்கும் இடத்தை எதற்காகக் கேட்கிறார்கள், நாளைக்கு இதை விட்டு வேறு செயலிக்குப் போனால் தாம் எழுதிய குறிப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தம்மைப் பற்றிய விவரத்தை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சட்டம் இருந்தாலும், தனி விவசாயி ஒருவர் கம்பெனிக்கு எழுதி அழிக்கச் சொல்வது நடக்கிற காரியமா? உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆயிரம் பேர் சார்பில் ஒரே கடிதமாகக் கேட்டால் மதிப்பு இருக்கும். ஆயிரம் பேரின் குறிப்பும் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தால், செயலிக்காரர்கள் அவர்களைத் தேடி வந்து பேரம் பேசுவார்கள். தூண்டில்காரர்கள் தனித்தனியாகக் கொடுத்ததால்தான் ஒருவருக்கும் பேரம் பேச வழியில்லாமல் போயிற்று.

அதற்குக் குறிப்பு என்று ஒன்று முதலில் இருக்க வேண்டும். நம்மவர்களிடம் பெரிய குறை இதுதான். பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கிற விவசாயியிடம், சென்ற வருஷம் எந்தத் தேதியில் எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்று கேட்டால், "தை மாசம் போல, ஆயிரத்துச் சொச்சம்" என்று பதில் வரும். நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். குஞ்சு விட்ட தேதி, வாங்கிய இடம், எண்ணிக்கை, நீளம். தினம் போட்ட கடலைப் பிண்ணாக்கும் தவிடும் எத்தனை கிலோ. மாதம் ஒரு தடவை வலை வீசிப் பத்து இருபது மீனை எடைபோட்டு வந்த சராசரி. முழங்கை அளவு கையைத் தண்ணீரில் விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்த்து எழுதலாம். அந்த ஆழத்துக்கு முன்பே மறைந்துவிட்டால் பாசி மிகுந்துவிட்டது, சாணம் போடுவதை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிய நாள்களைக் கண்டிப்பாக எழுத வேண்டும். அன்றைக்குத் தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கிறது. முந்தின நாள் மேகமூட்டமா, தீவனம் அதிகமா என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டால் அடுத்த வருஷம் அதே நிலைமையில் முன்கூட்டியே புதுத் தண்ணீர் பாய்ச்சலாம். மீன் செத்த நாளையும் நஷ்டக் கணக்கையும் மறைக்காமல் எழுத வேண்டும். சுவீடன் செயலியில் இல்லாத பக்கம் அதுதான்.

நோட்டில் எழுதியதைப் பிறகு செயலியில் ஏற்ற விரும்புகிறவர்கள் தாராளமாக ஏற்றலாம். போட்டோ எடுப்பதற்கு முன், செல்போனின் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியை நிறுத்திவிட்டு எடுத்தால், குட்டை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்பது படத்தோடு ஒட்டிக்கொண்டு போகாது. வீட்டிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் நிறுத்திக் கொடுத்துவிடுவார்கள்.